ஒன்பதாம் நம்பர் மலை

அத்தியாயம் 7

“‘தேயிலைக் கொழுந்து பறிக்கும் தொழிலாளியான பிச்சமலைத் தோட்டத்து லோரன்ஸ் ஆகிய நான்...’ அடிச்சாச்சோ?” என்று கேட்டார் பாலச்சந்திரன்.

டைப்ரைட்டர் மேல் ஷிராணியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மனத்தை மாற்றிக்கொண்டு மறுபடி தட்டினாள்.

“அடிச்சாச்சு சேர். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பதினாலு வருசம் கோர்ட்டுல பேசுனவராச்சே.”

“நான் பேசேல்ல. மற்றாக்கள் பேசினதை மொழிபெயர்த்தனான்.”

“அதத்தாங்க சொல்றேன். சொந்தமா ஒரு வார்த்த பேசாம பதினாலு வருசம் சம்பளம் வாங்குன ஒரே ஆளு நீங்கதான்.”

ஹட்டன் நகரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது அந்த அறை. வாசல் பலகையில் ‘மொழிபெயர்ப்பு, மனு எழுதுதல்’ என்று மட்டும் போட்டிருந்தது. உண்மையில் அங்கே நடந்தது வேறு வேலை. பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்கே இருக்கிறார்கள், எதற்காகப் பிடித்தார்கள், சொன்ன காரணம் உண்மையா என்று தேடிப்பிடிக்கிற வேலை. அதைப் பலகையில் எழுதினால், ‘நீ எதைத் துப்பறிகிறாய்’ என்று கேட்டுக்கொண்டு யாராவது மாடியேறி வருவார்கள். 1998ஆம் ஆண்டு அப்படிப்பட்ட ஆண்டு.

பாலச்சந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பத்திரண்டு. பதினான்கு வருஷம் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளராக இருந்தார். கூண்டில் நிற்கும் தமிழனுக்குச் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, ‘இது உம்முடைய வாக்குமூலம்தானே?’ என்று கேட்க வேண்டும். தலையாட்டினால் ‘ஆம்’ என்று சிங்களத்தில் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒருவன் தலையாட்டுவதற்கு முன்பே அவர் வாய் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டது. மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல்வைத்தியன் ஊசி போட்ட கன்னம்போல எல்லாம் மரத்துக் கிடந்தது.

ஷிராணி கத்தோலிக்கத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவள். முப்பத்தாறு வயது, மூன்று மொழி, ஒரு வாய். அந்த வாய்க்காகவே இரண்டு கந்தோர்களில் வேலை போயிற்று.

“இன்னைக்கு என்னங்க கிழமை?” என்றாள்.

“புதன்.”

“வெள்ளிக்கிழமை லோரன்ஸைத் தெக்கால கொண்டுபோயிருவாங்க. நாம இன்னும் மனுவுல முதல் வரியில நிக்கிறோம்.”

அதுதான் விஷயம். லோரன்ஸ் லிந்துலைப் பக்கம் பிச்சமலைத் தோட்டத்துத் தொழிலாளி. போன டிசம்பர் ஐந்தாம் திகதி விசாரணைப் பிரிவொன்று அவனைப் பிடித்தது. ஒன்பதாம் திகதி ‘வாக்குமூலம்’ கொடுத்தான். பன்னிரண்டாம் திகதி, பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்துத் தேயிலை மலைக்குள் வெடிமருந்துப் பார்சல் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். டிரான்ஸ்போமரைத் தகர்க்கச் சதியாம். வரும் வெள்ளிக்கிழமை கோப்பு நீதிமன்றத்துக்குப் போகும். கோப்பு போனதும் லோரன்ஸ் தெற்கே ஒரு முகாமுக்குப் போவான். அங்கே போனவர்களை மனைவிமார் வருஷத்தில் இரண்டு தடவை பார்த்தால் அதிர்ஷ்டம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிணை கிடையாது. குற்றவாளி என்று அரசாங்கம் நிரூபிக்கத் தேவையில்லை, அவன் கையெழுத்தே போதும். கையெழுத்தை எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டால், அடித்து வாங்கியதை அடிபட்டவன்தான் நிரூபிக்க வேண்டும்.

பாலச்சந்திரன் மேசை லாச்சியிலிருந்து நாலு பக்கப் போட்டோக் கொப்பி ஒன்றை எடுத்தார். வாக்குமூலத்தின் பிரதி. எப்படிக் கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை. நாலாம் பக்கத்தை எப்போதும் உள்ளே மடித்தே வைத்திருப்பார்.

“கடைசிப் பக்கத்த மட்டும் காட்டவே மாட்டீங்களே. அதுல என்ன, உங்க சாதகமா?”

“இதைக் கேளும்,” என்று மூன்றாம் பக்கத்தைத் தமிழில் வாசித்தார். “‘ஆகஸ்ட் இருபதாம் திகதி மாலை, யாரும் காணாதபடி அடர்ந்து வளர்ந்திருந்த ஒன்பதாம் இலக்க மலைத் தேயிலைச் செடிகளுக்குள் பார்சலை மறைத்து வைத்தேன்.’ இதில சோதிச்சுப் பார்க்கக்கூடியது ஒண்டே ஒண்டுதான், அந்த இடம். போய்ப் பார்ப்பம்.”

“பாத்து?”

“தெரியேல்ல. வாரும்.”

லிந்துலை பஸ் ஒரு காவலரணில் நின்றது. எல்லோரும் இறங்கி வரிசையாக நடக்க வேண்டும். ‘சுதந்திரத்துக்கு ஐம்பது வயது’ என்று போன மாதம் கட்டிய துணிப்பதாகை மழையில் நனைந்து, காவலரணின் மணல் மூட்டைகள் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சிப்பாய் பாலச்சந்திரனின் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தான். முன்னும் பின்னும் திருப்பினான். பொலிஸ் பதிவுத் துண்டைக் கேட்டான். அவர் கொடுத்தார். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்டான். மூன்றுக்கும் அவர் நல்ல சிங்களத்தில், ஒரே குரலில் பதில் சொன்னார்.

“உங்களக் கண்டுபிடிச்சுத் தரவே தனியா ஒரு துப்பறியிற ஆளு வைக்கணும் சேர்,” என்றாள் ஷிராணி, பஸ்ஸில் மறுபடி ஏறும்போது.

அவர் சிரிக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பிச்சமலையில் பகல் சாப்பாட்டு நேரம். லோரன்ஸின் மனைவி பவுலின் மலையிலிருந்து வந்து, வரிசை வீடான லயத்தில் தன் காம்பிரா வாசலில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்து, “வாங்க,” என்றாள். உட்காரப் பலகையைத் தள்ளிப்போட்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

“லோரன்ஸைப் போய்ப் பாத்தனீங்களோ?” என்று கேட்டார் பாலச்சந்திரன்.

“போன கிழமை பாத்தேனுங்க.”

“எப்பிடி இருக்கிறார்?”

“இருக்காரு.”

“ஏதும் சொன்னவரோ?”

“பேசலைங்க. நானும் பேசல. அஞ்சு நிமிசம் முடிஞ்சிருச்சுன்னாங்க. வந்துட்டேன்.”

யாரோ அடுத்த வீட்டுக்காரியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். பாலச்சந்திரனுக்கு அந்தக் குரலைத் தெரியும். காவலரணில் அவர் பேசியதும் அந்தக் குரலில்தான்.

ஷிராணி வழக்கம்போல உட்காரவில்லை. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள். பின்வாசலால் போய், தகரக் கூரையின் கீழ் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த மிலாறுக் குச்சிகளைப் பார்த்தாள். மிலாறு என்பது வெட்டிப்போட்ட தேயிலைச் செடியின் கிளை. தோட்டத்து அடுப்பெல்லாம் அதில்தான் எரிகிறது. ஒரு குச்சியை உருவி எடுத்து, சாய்வாக வெட்டுப்பட்டிருந்த நுனியைத் தடவிப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“அக்கா, இது எந்த மலை மிலாறு?”

“ஒம்பதாம் நம்பர்.”

பாலச்சந்திரன் தலையை நிமிர்த்தினார்.

“எப்ப வெட்டுனாங்க?”

“ஆகஸ்ட் மாசம் கவ்வாத்து நடந்துச்சுல்ல. மாதா திருநாளோட முடிஞ்சிருச்சு. கடைசி வரிசையை இவருதான் வெட்டுனாரு. நான் பூசைக்குக் கெளம்பி நிக்கிறேன், இவரு கவ்வாத்துக் கத்தியும் கையுமா வர்றாரு. பூசை முடிஞ்சப்பறம் சண்ட போட்டேன்.”

“மாதா திருநாள் எண்டா?”

“ஆகஸ்ட் பதினஞ்சுங்க சேர்,” என்றாள் ஷிராணி. அவள் குரல் மெல்ல ஏறியது. “உங்களுக்குக் கவ்வாத்துன்னா என்னன்னு தெரியுமா?”

“செடியை வெட்டிறது.”

“முடி வெட்டுற மாதிரி இல்லைங்க. நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா முழங்கால் உசரத்துக்கு மொட்டையா வெட்டிருவாங்க. ஒரு இலை இருக்காது. வெறும் குச்சி. இந்தப் பக்கம் நின்னா மலைக்கு அந்தப் பக்கம் நிக்கிற நாய் தெரியும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சாலும் மறைக்கலாம். கவ்வாத்து வெட்டுன மலையில கோழிக்குஞ்சக்கூட மறைக்க முடியாது. பதினஞ்சாந் தேதி மொட்டையாக்குன மலையில இருவதாந் தேதி எங்கிருந்துங்க அடர்ந்து வளர்ந்த செடி?”

பாலச்சந்திரன் அவள் கையிலிருந்த குச்சியை வாங்கிப் பார்த்தார்.

“அதை வெட்டின ஆளே லோரன்ஸ்தான்,” என்றார் பாலச்சந்திரன் மெதுவாக. “இப்பிடியொரு பொய்யைச் சொல்லோணும் எண்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. தேயிலை தெரியாத ஒருவன் எழுதியிருக்கிறான்.” அவர் பவுலினிடம் திரும்பினார். “தங்கச்சி, இதை ஏன் நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?”

“எதைங்க?”

“ஒன்பதாம் நம்பரில கவ்வாத்து நடந்ததை.”

“யாரும் கேக்கலைங்க. எந்த மலை, எந்தத் தேதின்னு எனக்கு யாரும் சொல்லவும் இல்ல. குண்டு வச்சாருன்னு சொன்னாங்க. வைக்கலன்னு சொன்னேன். அம்புட்டுத்தான்.”

கூடையை எடுத்து நெற்றியில் கயிற்றை மாட்டிக்கொண்டு அவள் மலைக்குக் கிளம்பினாள். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. அவள் எதுவும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

ஒன்பதாம் நம்பர் மலை இப்போது பச்சைப் பசேலென்று இருந்தது. டிசம்பரில் பார்சல் எடுக்க வந்தவர்கள் கண்டதும் பச்சையைத்தான். பச்சையைப் பார்த்தவுடன் அது எப்போதும் பச்சை என்று எழுதிவிட்டார்கள். மலையின் தலைப்பில், பாதை ஓரத்தில் இரண்டு கட்டைகளில் அறைந்த ஒரு தகரப் பலகை நின்றது. ஆங்கிலத்தில் மூன்று வரிகள்: மலை இலக்கம் ஒன்பது, பதினொரு ஹெக்டயர், கவ்வாத்து ஆகஸ்ட் தொண்ணூற்றேழு.

“போட்டோ எடுக்க வந்த எல்லாரும் இதத் தாண்டித்தானே மலைக்குள்ள போயிருக்கணும்?” என்றாள் ஷிராணி.

மேற்பார்வைக்கு நின்ற கண்டாக்கு முத்துலிங்கம் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “அவங்க நின்னதே இந்தப் பலகைக்கு முன்னாலதானுங்க. ஒரு தொரை சாஞ்சுகூட நின்னாரு.”

“நீங்கள் அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“துப்பாக்கி வச்சிருக்கவங்களுக்கு நான் கவ்வாத்துப் பாடம் நடத்த முடியுங்களா? இப்பவும் நான் ஒன்னும் சொல்லலைங்க. பலகைதான் சொல்லுது.”

பாலச்சந்திரன் பையிலிருந்து சின்னக் கமராவை எடுத்துப் பலகையை மூன்று படம் பிடித்தார்.

“இப்ப நேரா லோரன்ஸுக்காக ஆஜராகுற லோயர் செந்தூரன்கிட்டயா?” என்றாள் ஷிராணி. அவள் கண்கள் மின்னின.

“இல்லை. விசாரணைப் பிரிவுக்கு.”

நகரத்துக்கு வெளியே பழைய பங்களா ஒன்றில் இயங்கியது அந்தப் பிரிவு. உதவி அத்தியட்சகர் விஜேகோன் பாலச்சந்திரனை நீதிமன்றக் காலத்திலிருந்தே அறிந்தவர். கதிரை காட்டினார். தேநீர் வரவழைத்தார். பேச்சு முழுவதும் சிங்களத்தில் நடந்தது. கதவருகே வாங்கில் உட்கார்ந்திருந்த ஷிராணிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

“ஆகஸ்ட் இருபதில் அந்த மலை மொட்டையாக இருந்தது, ஐயா. பதினைந்தாம் திகதிதான் வெட்டி முடித்தார்கள். பலகையிலேயே எழுதியிருக்கிறது. அந்த வாக்குமூலம் நிற்காது. அவனை விட்டுவிடுங்கள்.”

விஜேகோன் தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டார். கோபம் எதுவும் காட்டவில்லை. “வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு கொன்ஸ்டபிள் லோரன்ஸின் மனைவிக்கு ஓரிரண்டு வரி வாசித்துக் காட்டினானாம்.”

“பிரதி ஏதும்?”

“எனக்கு யார் தருவார்கள்?”

“உண்மைதான்.” விஜேகோன் புன்னகைத்தார். “வெட்டிய செடி எப்போது தழைக்குமாம்?”

“எனக்குத் தேயிலை தெரியாது. நவம்பர் நடுப்பகுதியில் பச்சை பிடித்துவிடும் என்றார்கள்.”

ஷிராணி வாங்கிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

“திகதி எழுதும்போது சில சமயம் கை தவறும்,” என்றார் விஜேகோன். “வந்து சொன்னதற்கு நன்றி. நீங்கள் எப்போதுமே நீதிக்கு உதவி செய்கிறவர்.”

வெளியே வந்ததும் அவள் வெடித்தாள். பஸ்ஸுக்குள் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை.

“உங்களுக்குப் புத்தி பெரண்டுருச்சா? மிலாற நான் கண்டுபிடிச்சு உங்க கையில குடுத்தா, நீங்க அத அந்தாளு கையில குடுத்துட்டு வர்றீங்க. நவம்பர்ல பச்சை பிடிக்கும்னு பாடம் வேற சொல்லிக் குடுக்குறீங்க! இனிமே ஆகஸ்ட நவம்பராக்கி இன்னொரு பேப்பர் எழுதுவான். லோரன்ஸப் போட்டு மிதிச்சுக் கையெழுத்து வாங்குவான். பதினாலு வருசம் அவங்களுக்கு ‘ஆமா’ போட்ட வாய்தானே இது! வீட்டுக்கு வந்தும் பழக்கம் போகலையா?”

பஸ்ஸில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாலச்சந்திரன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன கடைசி வார்த்தை எங்கோ உள்ளே போய் விழுந்தது. விழுந்த சத்தம்தான் கேட்டது, வலி தெரியவில்லை. வியாழக்கிழமை ஷிராணி வேலைக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தாள், நேராக நீதிமன்றத்துக்கு. கடைசி வாங்கில், அவரிடமிருந்து ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்தாள். லோரன்ஸ் கூண்டில் நின்றான். மெலிந்திருந்தான். யாரையும் பார்க்கவில்லை.

விசாரணைப் பிரிவின் கோப்பு நீதவானின் மேசைக்குப் போனது. சட்டத்தரணி செந்தூரன் எழுந்து, வாக்குமூலத்தில் பார்சலை மறைத்த திகதியைச் சத்தமாக வாசிக்கும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொண்டார். நீதிமன்ற எழுதுவினைஞர் வாசித்தார்.

“நவம்பர் இருபதாம் திகதி மாலை.”

ஷிராணி கண்களை மூடிக்கொண்டாள்.

“வாக்குமூலம் கொடுத்த திகதி?”

“டிசம்பர் ஒன்பது.”

“நன்றி. ஜனவரி மாதம் நீதவான் அவர்கள் தடுப்பு நிலையத்தைப் பார்வையிடச் சென்றபோது, கைதியின் வாக்குமூலத்தைக் கேட்டு வாங்கி, ஒரு பிரதி எடுத்து, கடைசிப் பக்கத்தில் நீதிமன்ற முத்திரை குத்தி, கையெழுத்திட்டு, நீதிமன்றக் கோவையில் வைத்திருக்கிறார்கள். அன்று உதவி அத்தியட்சகர் விடுமுறையில் இருந்தார். அந்தப் பிரதியையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

பாலச்சந்திரன் மடியிலிருந்த போட்டோக் கொப்பியைப் பிரித்து, நாலாம் பக்கத்தை ஷிராணியின் பக்கம் திருப்பினார். கீழே வட்டமாக, பிரதியில் மங்கலாகப் பதிந்த நீதிமன்ற முத்திரை.

நீதவான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே நாலு பக்கம், அதே டிசம்பர் ஒன்பது, அதே லோரன்ஸின் கையெழுத்து. ஒன்றில் ஆகஸ்ட், ஒன்றில் நவம்பர். கூண்டில் அடைபட்டவன் ஒரே நாளில் இரண்டு விதமாக ஒப்புக்கொண்டிருந்தான். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னவர்கள் தங்கள் கையாலேயே பானையையும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். விஜேகோன் முதல் தடவையாகத் திரும்பிக் கடைசி வாங்கைப் பார்த்தார்.

“கவ்வாத்தை மட்டும் சொல்லியிருந்தா,” என்று பாலச்சந்திரன் தாழ்ந்த குரலில் சொன்னார், “லோரன்ஸ்தான் திகதியை மறந்து பிழையாச் சொன்னவர் எண்டு முடிச்சிருப்பினம். பிழை விட்டது அவரில்லை எண்டு காட்டோணும். அதுக்கு அவையே திருத்தோணும். திருத்திற பேனா தங்கட கையிலதான் இருக்கெண்டு அவைக்கு அவ்வளவு நம்பிக்கை.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சேர்.”

“பஸ்ஸில எங்களுக்குப் பின்னால ரெண்டாம் சீற்றில கறுத்தக் குடையோட ஒருத்தன் இருந்தவன், கண்டனீரோ? பங்களா வாசலிலயிருந்தே வந்தவன். நீர் மனசார ஏசோணும், அதை அவன் கேட்டுக்கொண்டு போகோணும். அப்பதான் இது பொறியெண்டு அவைக்குச் சந்தேகம் வராது.”

ஷிராணி நடுவில் விட்டிருந்த இடத்தைத் தாண்டி, அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏசுனதுல பாதி உண்மைதாங்க,” என்றாள்.

“ஓம். தெரியும்.”

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. நீதவான் இரண்டு பிரதிகளையும் மூன்று வரிக் குறிப்போடு கொழும்புக்கு அனுப்பினார். லோரன்ஸைத் தெற்கே கொண்டுபோவது நின்றது. இருபத்து மூன்று நாள் கழித்து, ‘போதிய சாட்சியம் இல்லை’ என்று அவனை விட்டார்கள். மன்னிப்பு என்ற சொல் எந்தக் காகிதத்திலும் இல்லை. விஜேகோன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார், ஒரு படி உயர்ந்த பதவியில். அந்தச் சட்டம் போன இடத்திலும் அவருக்காகக் காத்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பிச்சமலைக்குப் போனார்கள். ஒன்பதாம் நம்பர் மலையின் தலைப்பில் இரண்டு கட்டைகள் மட்டும் நின்றன. பலகையைக் காணவில்லை.

லோரன்ஸ் காம்பிராவுக்குள் பலகையில் உட்கார்ந்திருந்தான். அவர்களைக் கண்டதும் எழுந்து, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்து, சுவரோடு நின்றான். பவுலின் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பாலச்சந்திரனுக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்த இருபத்து மூன்று நாளும் அதை அவர் தினமும் கேட்டுப் பார்த்திருந்தார், தனக்குள்ளே.

“தம்பி. ரெண்டாவது தரம் கையெழுத்து வாங்கேக்கை, அடிச்சவையோ?”

“இல்லைங்க.”

“உண்மையாவோ? அது நான் செய்த வேலை. நான்தான் அங்க போய்ச் சொன்னனான்.”

“அடிக்கலைங்க சேர். முதல் பேப்பருக்குத்தான் நாலு நாளாச்சு. இதுக்கு மேசையில வச்சாங்க, போட்டுட்டேன். பேனாவ அவங்க காட்டக்கூட இல்ல. நானே எடுத்துப் போட்டேன்.”

அவன் அதைச் சொன்ன குரல் பவுலினின் குரல்தான். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பாலச்சந்திரனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டார். வெகு காலத்துக்குப் பிறகு அவருக்கு நெஞ்சில் உண்மையாகவே வலித்தது.

பையிலிருந்து மனுவை எடுத்தார். சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கு எதிரான முறைப்பாடு. ஷிராணி டைப் செய்த மூன்று பக்கம். தமிழில் இருந்தது. லோரன்ஸுக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும்.

“இதில கையெழுத்து வைக்கோணும். விருப்பமெண்டால் மட்டும்.”

லோரன்ஸ் பேனாவை வாங்கினான். தாள்களைப் புரட்டி நேராகக் கடைசிப் பக்கத்தின் அடிக்குப் போனான். அவன் கண் ஒரு எழுத்திலும் படவில்லை. பேனா முனை தாளைத் தொடுவதற்குள் பாலச்சந்திரன் குறுக்கே கையை வைத்தார்.

“வாசியும்.”

“எதுக்குங்க? நீங்க எழுதுனதுதானே.”

“அதுக்காகத்தான் வாசிக்கச் சொல்லுறன்.”

“பரவாயில்லைங்க சேர். போட்டுர்றேன்.”

“வாசிக்காமல் நான் இதை வாங்கமாட்டன்.”

லோரன்ஸ் பவுலினைப் பார்த்தான். அவள் வந்து, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திருப்பி அவன் முன் வைத்தாள். அவன் விரலை எழுத்துக்குக் கீழே வைத்தான். உதடு மெல்ல அசைந்தது. முதல் வரியிலேயே விரல் நின்றுவிட்டது. வெகு நேரம் அங்கேயே நின்றது.

“இது நான் இல்லைங்களே,” என்றான்.

“எது?”

“கொழுந்து பறிக்கும் தொழிலாளின்னு போட்டிருக்கு. நான் கொழுந்து பறிக்கிறவன் இல்ல. அது இவ வேல. நான் கவ்வாத்துக்காரன்.” குரல் கொஞ்சம் ஏறியது. “பதிமூணு வருசமா கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறேன். தோட்டத்துல யாரையும் கேட்டுப் பாருங்க. என்னை இப்புடி எழுதலாமா?”

பாலச்சந்திரனுக்கு முகம் சூடேறியது. தேயிலை தெரியாத ஒருவன் எழுதியிருக்கிறான் என்று இதே வீட்டில் உட்கார்ந்து பெரிய மனிதர் மாதிரிச் சொன்னவர் அவர்தான். ஷிராணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தகரக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

“டைப் அடிக்கேக்கையே உமக்குத் தெரியுமோ?”

“தெரியுங்க. அன்னைக்கு உங்களக் கிண்டல் பண்ணலாம்னு விட்டேன்.”

“பிறகு?”

“அப்புறம் இவரு சொல்றாரான்னு பாக்கலாம்னு விட்டுட்டேன்.”

லோரன்ஸ் பேனாவை மூடினான். தாள்களை அடுக்கி, பேனாவை மேலே வைத்து, பாலச்சந்திரனின் பக்கம் தள்ளினான்.

“மாத்தி எழுதிட்டு வாங்க சேர். அப்புறம் போடுறேன்.”

“சரி தம்பி. புதன்கிழமை கொண்டு வாறன்.”

“வாங்க. முழுசா வாசிச்சுட்டுத்தான் போடுவேன்.”